காதை மூடிக்கொண்டு கேட்ட கதை

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். சாப்பிட்டு முடித்து, சாவகாசமாக இருக்கும்போது படியுங்கள்.

ஓய்வு பெற்ற பிறகு, பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடப்புத்தகங்களை வாசித்து, பதிவு செய்து அனுப்பி வருகிறேன் என்பது இந்தப் பக்கத்தைத் தொடர்பவர்களுக்குத் தெரியும். இயற்பியல் வாத்தியார்தான் என்றாலும் வரலாறும் வாசிப்பேன், பொருளியலும் வாசிப்பேன். இரண்டு மாதத்துக்கு முன், பி.எட். படிக்கும் ஒரு மாணவி போன் செய்தாள். "சார், தப்பா நினைச்சுக்காதீங்க. நீங்க வாசிக்கறப்ப பின்னாடி ஃபேன் ஓடுது, சுவர்க்கடிகாரம் அடிச்சுக்கிட்டே இருக்கு. நான் வேகத்தைக் கூட்டி வெச்சுத்தான் கேட்பேன். அப்ப அந்த டிக் டிக் பாடத்தை விட முன்னாடி வந்து நிக்குது. ஒரு மணி நேரத்துல தலை வலிச்சிடுது சார்."

மொத்தம் 14 பாடங்கள். ஒவ்வொன்றையும் முழுக்கக் கேட்டுப் பார்த்த பிறகுதான் அனுப்பியிருந்தேன். அவளுக்குக் கேட்டது எனக்கு ஏன் கேட்கவில்லை? வயசு என்று முதலில் நினைத்தேன். வயதும் ஒரு காரணம்தான். ஆனால் உண்மையான காரணம் வெட்கக்கேடானது. நான் சரிபார்த்தது அதே அறையில், அதே ஃபேனுக்கு அடியில், அதே கடிகாரத்துக்கு எதிரில் உட்கார்ந்து. காதில் செல்போனோடு வந்த சின்ன இயர்போன். பதிவுக்குள் இருந்த ஃபேன் சத்தத்தை, தலைக்கு மேலே ஓடிய ஃபேன் மறைத்துவிட்டது. ஓர் ஒலி இன்னோர் ஒலியை மறைக்கும் என்று முப்பது வருடம் வகுப்பில் சொல்லிக் கொடுத்தவன் நான்.

பதிவுக்கூடத்தில் வேலை பார்க்கும் பழைய மாணவன் ஒருவனைக் கேட்டேன். "பின்பக்கம் மூடின ஸ்டூடியோ ஹெட்போன் வாங்குங்க சார்" என்றான். எதை வாங்குவது என்று தேடப் போய், இந்தப் பொருளின் வரலாற்றுக்குள் விழுந்துவிட்டேன். இனி வருவது அந்தக் கதை.

1881இல் பாரிஸில் நடந்த மின்சாரக் கண்காட்சியில், கிளெமாங் அதேர் என்ற பொறியாளர் ஓபரா அரங்கின் மேடையில் ஒலிவாங்கிகளை வைத்து, தொலைபேசிக் கம்பி வழியாகக் கண்காட்சிக் கூடத்துக்கு இசையைக் கொண்டுவந்தார். மக்கள் இரண்டு காதிலும் இரண்டு ரிசீவரைக் கையால் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். பாடகர் மேடையில் இடமிருந்து வலம் நடப்பதைக்கூட உணர முடிந்ததாம். ஸ்டீரியோ என்ற சொல் புழக்கத்துக்கு வராத காலம். ஆனால் கையில் பிடித்திருப்பதை ஹெட்போன் என்று சொல்ல முடியாது. தலையில் நிற்க வேண்டும்.

அதைச் செய்தவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் நதானியேல் பால்ட்வின். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துக்காரர், மோர்மன் சமயத்தவர். 1910 வாக்கில் தம் வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்து இதைச் செய்திருக்கிறார். செய்து, அமெரிக்கக் கடற்படைக்கு ஒரு கடிதம் போட்டார். நீலமும் இளஞ்சிவப்புமான தாளில் ஊதா மையால் எழுதிய கடிதம். நம் ஊர் அலுவலகமாக இருந்தால் அந்தத் தாள் நேராகக் குப்பைக்கூடைக்குப் போயிருக்கும். அங்கே ஓர் அதிகாரி கருவியைச் சோதித்துப் பார்த்தார். அதுவரை இருந்த எதையும்விட மெல்லிய ஒலியை அது பிடித்துக் கொடுத்தது. நடுக்கடலில் வரும் கம்பியில்லாத் தந்தியின் மெல்லிய கீச்சொலியைக் கேட்டாக வேண்டியவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள்.

கடற்படை மொத்தமாகக் கேட்டபோது, ஒரு நேரத்தில் பத்துக்கு மேல் செய்ய முடியாது என்று பதில் சொன்னாராம். மேசை அவ்வளவுதானே! இந்தக் கதையில் நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்வது ஒரு சின்னத் தகவலை. ஒலி அருமை, தலைப்பட்டை மட்டும் தலையை வருத்துகிறது என்று ஒரு குறை வந்தது. உடனே பால்ட்வின், தோல் உறை போட்ட இரண்டு கம்பிகளை வளைத்து, ஏற்றி இறக்கிக்கொள்ளும்படி ஒரு தலைப்பட்டை செய்தார். அதற்குக் காப்புரிமை வாங்குங்கள் என்று கடற்படையே சொல்லியும், இதெல்லாம் ஒரு விஷயமா என்று விட்டுவிட்டார். இன்றைக்குக் கடையில் தொங்கும் ஹெட்போன்களைப் பாருங்கள். அந்த 'விஷயமே இல்லாத' வளைவுதான் எல்லாவற்றிலும் இருக்கிறது. முதல் உலகப்போரும் அதன் பின் வந்த வானொலி மோகமும் அவருக்குப் பணத்தைக் கொட்டின. 1924இல் திவாலானார். பிறகு சிறைக்கும் போனார். 1961இல் இறந்தபோது கையில் ஒன்றுமில்லை.

பால்ட்வினின் கருவி மெல்லிய ஒலியைக் கேட்கத்தான் செய்யப்பட்டது. உள்ளதை உள்ளபடி கேட்க அல்ல. தந்திக்கு அது போதும். உள்ளபடி கேட்கும் ஆசை சினிமாவோடும் வானொலியோடும் வந்தது. பெர்லினில் 1924இல் ஆய்கன் பேயர் தொடங்கிய நிறுவனம் முதலில் திரையரங்குகளுக்கு ஒலிபெருக்கி செய்துகொண்டிருந்தது. ஒலிபெருக்கிக்குள் இருப்பது என்ன? காந்தம், அதன் நடுவே கம்பிச்சுருள், சுருளோடு ஒட்டிய அதிர்தகடு. இதையே சின்னதாக்கிக் காதருகில் வைத்தால் என்ன என்று கேட்டு, 1937இல் டிடி 48 என்ற ஹெட்போனைக் கொண்டுவந்தார்கள். இன்று நாம் வாங்கும் பெரும்பாலான ஹெட்போன்களின் பாட்டன் அது. 2012 வரை, அதாவது 75 வருடம், உற்பத்தியில் இருந்தது. நாக்ரா டேப் ரிக்கார்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு படப்பிடிப்புக்குப் போன ஒலிப்பதிவாளர்களின் தலையில் இருந்தது இதுதான். இன்னொன்றும் உண்டு. செவித்திறன் சோதனைக் கருவிகளுக்கான சர்வதேசத் தர அளவுகள் குறிக்கப்பட்ட ஹெட்போன்களில் டிடி 48ம் ஒன்று. இசை கேட்கும் பொருள் ஒன்று மருத்துவர் கையில் தராசாகவும் இருந்திருக்கிறது.

1958இல் மில்வாக்கி நகரத்து ஜான் கோஸ், எஸ்பி/3 என்ற ஸ்டீரியோ ஹெட்போனைக் கொண்டுவந்தார். அவர் ஆஸ்பத்திரி நோயாளிகளுக்கு டிவி வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தவர். பொறியாளர் மார்ட்டின் லாங்கும் அவரும் சேர்ந்து செய்த சிறிய ரெக்கார்ட் பிளேயருக்குத் துணைப்பொருளாகத்தான் அது கண்காட்சிக்குப் போனது. பிளேயரை யாரும் சீந்தவில்லை. ஹெட்போனுக்குக் கூட்டம் கூடிவிட்டது.

இதே காலத்தில் பதிவுக்கூடங்களிலும் ஒரு மாற்றம். அதற்கு முன் பாடகர், வாத்தியக்காரர்கள் எல்லோரும் ஒரே அறையில் ஒரே நேரத்தில். லெஸ் பால் போன்றவர்கள் முதலில் ஒன்றைப் பதிந்து, அதைக் கேட்டுக்கொண்டே அதன் மேல் இன்னொன்றைப் பதியும் வழியைக் காட்டினார்கள். பல தடங்கள் கொண்ட டேப் வந்ததும் அதுவே வழக்கமாயிற்று. பாடகர் மைக் முன்னால் தனியாக நிற்பார். இசை அவர் காதில் மட்டும் ஒலிக்க வேண்டும். காதிலிருந்து கசிந்தால் மைக் அதையும் பிடித்துக்கொள்ளும். தாளக் கணக்குக்காகப் போடும் 'டிக் டிக்' ஒலி அமைதியான பாட்டுக்குள் ஏறிவிட்டால் எடுக்க முடியாது. (என் கடிகாரத்தை நினைத்துக்கொண்டேன்.) பின்பக்கம் மூடிய ஹெட்போன் பதிவுக்கூடத்தில் இருப்பது இதற்காகத்தான். வெளிச்சத்தம் உள்ளே வரக்கூடாது என்பது பாதிதான். உள்சத்தம் வெளியே போகக்கூடாது என்பது மறுபாதி.

மூடினால் ஒரு விலையும் கொடுக்க வேண்டும். அதிர்தகடு முன்பக்கம் தள்ளும் அளவு காற்றைப் பின்பக்கமும் தள்ளுகிறது. பின்னால் கிண்ணம் இருந்தால் அந்த ஒலி மோதித் திரும்பி வரும். சில அதிர்வெண்கள் வீங்கும், சில மெலியும். குடத்துக்குள் பேசினால் குரல் மாறுகிறதே, அதுதான். 1968இல் சென்ஹைசர் நிறுவனம் எச்டி 414இல் பின்பக்கத்தைத் திறந்தே விட்டது. மஞ்சள் நுரைப்பஞ்சு வைத்த, எடையே தெரியாத ஹெட்போன். காற்றோட்டமான ஒலி என்று உலகம் கொண்டாடியது. கோடிக்கும் மேல் விற்றது. வீட்டில் இசை கேட்க அருமை. மைக் முன்னால் அது உதவாது. என் வேலைக்கும் உதவாது, ஃபேன் உள்ளே வந்துவிடும்.

ஆகவே மூடிய கிண்ணத்தை எப்படி உண்மை பேச வைப்பது என்பதில்தான் பொறியாளர்கள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். 1985இல் பேயர் நிறுவனத்தின் டிடி 770 வந்தது. அது வெல்வெட் போன்ற துணி மெத்தை கொண்டது. 1989இல் சோனி, தோக்கியோவில் இருந்த சிபிஎஸ் சோனி பதிவுக்கூடத்தோடு சேர்ந்து எம்டிஆர் சிடி900எஸ்டியைச் செய்தது. சிவப்புக்கோடு போட்ட அந்த ஹெட்போன் இல்லாத பதிவுக்கூடம் ஜப்பானில் அரிது. 1991இல் அதன் நீலக்கோட்டு உறவினர், எம்டிஆர் 7506. மூன்றும் இன்றும் கிடைக்கின்றன. மெத்தை, பட்டை, உள்ளிருக்கும் ஒலிப்பான் என்று பாகங்களைத் தனியாக வாங்கி மாற்றிக்கொள்ளலாம் என்பது அவை இத்தனை வருடம் நின்றதற்கு ஒரு காரணம். வருடா வருடம் புது மாடல் விடும் உலகத்தில் இது எனக்கு மரியாதைக்குரிய விஷயமாகப் படுகிறது.

சரி, 'உண்மையான ஒலி' என்கிறார்களே, அது என்ன? இங்கேதான் இயற்பியல் வாத்தியாருக்கு வேலை. எல்லா அதிர்வெண்ணையும் ஒரே அளவில் கொடுத்தால் உண்மை என்று தோன்றும். ஹெட்போனில் அது தவறு. பதினோராம் வகுப்பு ஆய்வகத்தில் காற்றுத்தம்பச் சோதனை செய்தது நினைவிருக்கிறதா? ஒரு முனை மூடிய குழாய், அலைநீளத்தின் கால்பங்குக்குச் சமமாக இருக்கும்போது முழங்கும். நம் காதுத்துளையும் அப்படி ஒரு குழாய்தான். மறுமுனையை மூடியிருப்பது செவிப்பறை. நீளம் ஏறக்குறைய 2.5 செ.மீ. கணக்குப் போட்டால் 3400 ஹெர்ட்ஸ் பக்கம் வரும். ஸ்பீக்கரில் கேட்கும்போது காதுமடலும் துளையும் சேர்ந்து அந்தப் பகுதியை இயல்பாகவே தூக்கிக் கொடுக்கின்றன. ஹெட்போன் மாட்டினால் அந்த இயல்பு கலைந்துவிடும். அதை ஹெட்போனே திருப்பித் தர வேண்டும். எவ்வளவு?

இதற்கு ஒரே விடை கிடையாது. 1980களில் மியூனிக்கில் குந்தர் தைலே, எல்லாத் திசையிலிருந்தும் சமமாக ஒலி வரும் அறையில் காது உணர்வதை அளவுகோலாக வைக்கலாம் என்றார். 2012, 2013 வாக்கில் கலிஃபோர்னியாவில் ஹார்மன் நிறுவனத்தின் ஷான் ஆலிவும் டாட் வெல்டியும், எந்த ஹெட்போன் என்று கேட்பவருக்குத் தெரியாமல் சோதனை நடத்தினார்கள். நல்ல அறையில் நல்ல ஸ்பீக்கரைக் கேட்பது போன்ற ஒலியைத்தான் பெரும்பாலோர் விரும்பினார்கள். 2017இல் ஜெரோன் பிரேபார்ட் 200க்கும் மேற்பட்ட ஹெட்போன்களின் அளவுகளை விலையோடு ஒப்பிட்டார். விலைக்கும் ஒலியின் நேர்மைக்கும் தொடர்பே காணோம்! என் மருமகனிடம் இதைச் சொன்னேன். அவர் தம் ஹெட்போனின் விலையைச் சொல்லாமல் பேச்சை மாற்றினார்.

இவ்வளவும் படித்துவிட்டுக் கடைக்குப் போனால், அங்கே என்னைத் திணறடித்தது வேறொன்று. என் மூக்குக்கண்ணாடி. மெத்தைக்கும் தலைக்கும் நடுவே கண்ணாடிக்காம்பு நுழைந்து ஒரு சின்ன இடைவெளி உண்டாக்குகிறது. மூடிய ஹெட்போனில் அந்த இடைவெளி வழியாக முதலில் ஓடுவது தாழ்ந்த ஒலிகள். ஃபேன் இரைச்சல் தாழ்ந்த ஒலி. அதாவது நான் பிடிக்க வேண்டிய திருடன்தான் முதலில் தப்பிக்கிறான். இறுக்கமான பட்டை இருந்தால் இடைவெளி அடைபடும், ஆனால் அரை மணியில் காம்பு காதுக்கு மேலே அழுத்தி வலிக்கும். கடைக்காரத் தம்பி பொறுமைசாலி. கண்ணாடியோடு அரை மணி நேரம் உட்கார்ந்து மூன்றை மாட்டிப் பார்க்க விட்டார். ஐந்து நிமிடம் போட்டுப் பார்த்து வாங்கியிருந்தால் ஏமாந்திருப்பேன். ஐந்து நிமிடத்தில் எல்லா ஹெட்போனும் சுகம்தான்.

நம் ஊர் வெயிலும் ஒரு கணக்கு. செயற்கைத்தோல் மெத்தை சத்தத்தை நன்றாக அடைக்கும். வியர்க்கும், நாளாக நாளாக உரிந்து கறுப்புத் துகள் காதில் ஒட்டும். துணி மெத்தை கொஞ்சம் கசியும். ஆனால் கண்ணாடிக்காம்பைச் சுற்றி மெத்தென்று படியும். நான் டிடி 770 வாங்கினேன், 80 ஓம் வகை. 250 ஓம் வகையும் இருந்தது. மின்தடை கூடினால் அதே சத்தத்துக்கு அதிக மின்னழுத்தம் வேண்டும். என் பழைய லேப்டாப்பால் அதை இழுக்க முடியாது. இதன் ஒலியில் ஒரு குறை உண்டு. 'ச', 'ஸ' கொஞ்சம் கூர்மையாகக் குத்தும். இசை ரசிகர்கள் முகம் சுளிப்பார்கள். கீச்சொலிகள் மங்கிப்போன என் காதுக்கு அது கடன் கொடுத்தது போல் ஆயிற்று.

இன்னொரு லாபமும் உண்டு. வெளிச்சத்தம் அடைபடுவதால் ஒலியளவைக் குறைத்து வைக்க முடிகிறது. வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபெல்லுக்குள் என்பது பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. பஸ்ஸில் சின்ன இயர்போனை உச்சத்தில் வைத்துக்கொண்டு போகும் பிள்ளைகளிடம் இதை நேரில் சொன்னால் கேட்காது. எழுதியாவது வைக்கிறேன்.

வீட்டுக்கு வந்து முதல் பாடத்தைப் போட்டேன். டிக், டிக், டிக். நடுவே வீட்டம்மா குக்கர் வைத்த மூன்றாவது விசில். பத்தாவது நிமிடத்தில் நான் எச்சில் விழுங்கும் ஓசை. இத்தனையையும் தாண்டி அந்தப் பெண் 14 பாடங்களைக் கேட்டிருக்கிறாள், இரண்டு மடங்கு வேகத்தில்.

கடிகாரம் இப்போது கூடத்துக்குப் போய்விட்டது. ஃபேனை நிறுத்திவிட்டு, விடிகாலை நாலரை மணிக்கு வாசிக்கிறேன். ஒன்பது பாடங்களை மறுபடி பதிந்து அனுப்பியாயிற்று. நேற்று போன் செய்தாள். "இப்ப நல்லா இருக்கு சார். ஆனா ஏழாவது பாடத்துல ஒரு குயில் கூவுது. அதை எடுத்துடாதீங்க."

இன்னும் ஐந்து பாடங்கள் பாக்கி.