கம்பு மட்டும் மிஞ்சிய கதை

போன வருஷம் கோடை விடுமுறையில் ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரத்துக்கு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தோம். சரியான கூட்டம். எனக்கும் என் மகளுக்கும் உட்கார இடம் கிடைக்கவில்லை. பாம்பன் பாலம் தாண்டியதும், பக்கத்தில் நின்ற ஒரு ஆள் வேண்டுமென்றே அவள் மேல் சாய்ந்துகொண்டே வந்தான். அவள் என்னைப் பார்த்தாள். நான் செய்தது ஒன்றுதான்: அவளை இழுத்து எனக்கு அந்தப் பக்கம் நிற்க வைத்தேன். "விடும்மா, எதுக்கு வம்பு" என்றேன். அந்த ஆள் உச்சிப்புளியில் இறங்கிப் போய்விட்டான்.

வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்டாள், "நீங்க ஏன்ப்பா ஒண்ணுமே சொல்லல?"

என்னிடம் பதில் இல்லை. அடுத்த வாரம் அவளாகவே எங்கள் தெருப் பிள்ளைகளோடு சேர்ந்து சிலம்பம் கற்றுக்கொள்ளப் போனாள். கூட்டிக்கொண்டு போய் விடுவது என் வேலை. முதல் பத்து நாள் கம்பையே கையில் கொடுக்கவில்லை. காலடி மட்டும்தான். முன்னால் ஒரு அடி, பின்னால் ஒரு அடி, பக்கவாட்டில் திரும்பி ஒரு அடி. அவளுக்குச் சலிப்பு. வாத்தியார் சொன்னார், "பாப்பா, அடிக்கிறது மூணாவது. மொதல்ல பாக்கணும், ரெண்டாவது வெலகணும். காலு நிக்காதவன் கையில கம்பு இருந்து என்ன செய்ய?"

நான் ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ராமநாதபுரம் அரண்மனையின் ராமலிங்க விலாசத்துக்குள் போனவர்களுக்குத் தெரியும், சுவரில் சேதுபதிக்கும் தஞ்சை மராட்டியருக்கும் நடந்த போர் ஓவியமாக இருக்கிறது. அப்படிப்பட்ட சீமையில் இன்றைக்கு மிஞ்சியிருப்பது திருவிழாவில் சுற்றும் ஒரு கம்பு மட்டும். மற்றதெல்லாம் எங்கே போயிற்று? இந்தக் கேள்வியோடு சில மாதங்கள் வார இறுதிகளில் படித்ததுதான் இந்தக் கட்டுரை.

ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து ஆரம்பிக்கலாம். ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கம்பெனி ராணுவ அதிகாரி 1830-இல் தன் நினைவுக் குறிப்புகளைப் புத்தகமாக வெளியிட்டார். 1795-இல் அவர் இளம் அதிகாரி. அப்போது சிறுவயலில் இருந்த சின்ன மருதுவோடு நட்பாகப் பழகியிருக்கிறார். ஈட்டி எறியவும் வளரி வீசவும் தனக்கு முதலில் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருதுதான் என்று எழுதுகிறார். கைதேர்ந்தவன் வீசினால் 100 கஜ தூரத்துக்குள் குறி தப்பாது என்றும் சொல்கிறார். 100 கஜம் என்றால் ஏறக்குறைய 91 மீட்டர்.

வளரி தெரியாதவர்களுக்காக ஒரு வரி: பிறை மாதிரி வளைந்த தடி. ஒரு முனை கனம், மறு முனை லேசு. லேசான முனையைப் பிடித்து, தோளுக்கு மேல் சில சுற்று சுற்றி வீசுவார்கள். மரத்திலும் செய்வார்கள், இரும்பிலும் செய்வார்கள்.

அதே வெல்ஷ் ஆறே வருஷத்தில் தன் குருவுக்கு எதிரான படையில் வந்தார். 1799-இல் முதுகுளத்தூர், அபிராமம், கமுதி கச்சேரிகளை மயிலப்பன் சேர்வைக்காரரின் ஆட்கள் தாக்கியதிலிருந்தே இந்தப் பகுதி கொதித்துக்கொண்டிருந்தது. 1801 ஜூனில் சின்ன மருதுவின் திருச்சிப் பிரகடனம் வந்தது. அதே வருஷம் அக்டோபர் 24-இல் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். பிடிபட்டபோது சின்ன மருதுவுக்குத் தொடை எலும்பு முறிந்திருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் நமக்கு முக்கியம். 1801 டிசம்பர் 1-ஆம் தேதி சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் (ராபர்ட் கிளைவின் மகன்) ஒரு பிரகடனம் வெளியிட்டார். தெற்குச் சீமைகளின் பாளையக்காரர்களும், சேர்வைக்காரர்களும், குடிமக்களும் ஆயுதங்களைப் பயன்படுத்துவதை அடியோடு ஒழிப்பது கம்பெனியின் முடிவு என்பது அதன் சாரம். பதிலுக்கு நிலவரி நிரந்தரமாக நிர்ணயிக்கப்படும் என்று வாக்குறுதி. 1803-இல் ராமநாதபுரம் ஜமீனாக்கப்பட்டது.

"வெள்ளைக்காரன் சிலம்பத்தைத் தடை செய்தான்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அது பாதி உண்மை. பிரகடனத்தின் குறி ஆயுதங்கள்தான், சிலம்பம் என்ற கலை அல்ல. ஆனால் ஆயுதம் போனால் அதைப் பழகுகிற இடமும், கற்றுக்கொடுக்கிற ஆளுக்கு மானியமும் போய்விடும். நான் பார்க்கிற மென்பொருள் தொழிலிலும் இதே கதைதான். ஒரு மொழியை யாரும் தடை செய்ய வேண்டியதில்லை. வேலை இல்லை என்று ஆகிவிட்டால் போதும், ஒரு தலைமுறையில் ஆள் கிடைக்காது.

வளரிக்கு அதுதான் நடந்தது. எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள் பற்றிய தொகுதிகளில் வளரி பற்றிய குறிப்பு இருக்கிறது. புதுக்கோட்டை சமஸ்தானத்தில் வளரி வீசத் தெரிந்த நிபுணர்கள் இப்போது யாரும் இல்லை, எப்போதாவது முயல், காட்டுக்கோழி வேட்டைக்கு எடுக்கிறார்கள், அவ்வளவுதான் என்கிறது. கல்யாணத்தில் மாப்பிள்ளை வீடும் பெண் வீடும் வளரித்தடியை மாற்றிக்கொள்ளும் வழக்கத்தையும் பதிவு செய்திருக்கிறார். வீசுகிற கை போய்விட்டது, சடங்கு மட்டும் நின்றது. 1795-க்கும் 1909-க்கும் நடுவே 114 வருஷம்தான்.

கம்பு ஏன் தப்பித்தது? என் ஊகம் எளிமையானது. கம்பை ஆயுதம் என்று நிரூபிக்க முடியாது. மாடு ஓட்டுபவன் கையிலும் அது இருக்கும், கிழவர் கையிலும் இருக்கும். கோயில் திருவிழா, கல்யாண ஊர்வலம், சந்தனக்கூடு என்று எங்கேயும் அது ஆட்டமாக நுழைந்துகொள்ளலாம். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. பார்க்க அழகாக இருப்பது வளர்ந்தது, சண்டைக்கு உதவுவது தேய்ந்தது. இன்றைக்கு நிறைய இடங்களில் அலங்காரச் சிலம்பம்தான் அதிகம்.

இன்னொரு இழப்பு காவல் முறை. ஊர்க் காவலை ஏற்றவர்கள் கூலி வாங்கினார்கள். களவு போனால் கண்டுபிடித்துத் தர வேண்டும், இல்லை என்றால் ஈடு கட்ட வேண்டும். அதிலும் மிரட்டலும் வசூலும் இருந்தன, புனிதமாக்க வேண்டாம். கம்பெனி அந்தப் பொறுப்பைப் படிப்படியாகத் தன் போலீஸிடம் எடுத்துக்கொண்டது. 1911-இல் குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. நம் பக்கம் கைரேகைச் சட்டம் என்பார்கள். காவல் காத்தவர்களின் பேரப்பிள்ளைகள் ராத்திரி போலீஸ் ஸ்டேஷனில் ஆஜராக வேண்டிய நிலை. 1947-இல்தான் இங்கே அது ரத்தானது.

இதற்கு நடுவில் நான் படித்ததிலேயே என்னை நிறுத்திய இடம் 1837. மெக்காலே தலைமையில் இந்திய தண்டனைச் சட்டத்தின் வரைவு தயாராகிறது. தற்காப்பு உரிமை பற்றிய குறிப்பில், இந்த நாட்டு மக்கள் தங்களைத் தாங்களே காத்துக்கொள்ள முன்வருவதில்லை, கொள்ளையர்களிடம் பொறுமையாக அடங்கிப் போகிறார்கள், எனவே இந்த உரிமைக்கு அதிகக் கட்டுப்பாடு போடாமல் மக்களுக்குத் துணிச்சல் ஊட்டவே விரும்புகிறோம் என்கிறார்கள். தெற்கில் ஆயுதத்தைப் பிடுங்கி அப்போது 36 வருஷம்!

ஆனால் அந்த உரிமை இன்றும் இருக்கிறது. அன்றைய தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரையான பிரிவுகள், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை. சுருக்கமாக: உங்கள் உடலை மட்டுமல்ல, அடுத்தவர் உடலைக் காக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. தேவைக்கு மேல் காயப்படுத்தக் கூடாது. போலீஸை நாட அவகாசம் இருந்தால் இந்த உரிமை கிடையாது. ஆபத்து தீர்ந்த பிறகு துரத்திப் போய் அடிப்பதும் தற்காப்பு ஆகாது. வாத்தியார் சொன்ன "பாக்கணும், வெலகணும், அப்புறம் அடி" என்பதும் கிட்டத்தட்ட இதே வரிசைதான்.

இப்போது சிலம்பத்துக்கு மறுபடி நல்ல காலம். தமிழ்நாட்டில் 2024 ஜனவரியில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டிகளில் அது காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. மகிழ்ச்சிதான். ஆனால் பிள்ளைகளைச் சேர்க்கும் பெற்றோருக்கு ஒன்று சொல்வேன். மெடலுக்கா, தற்காப்புக்கா என்று முதலிலேயே வாத்தியாரிடம் கேளுங்கள். கம்பு சுற்றத் தெரிந்த பிள்ளை பஸ்ஸில் கம்போடு போகாது. அங்கே உதவப்போவது காலடியும், இடைவெளி பார்க்கிற கண்ணும், சத்தமாக வாய் திறக்கிற பழக்கமும்தான். 112, 1098 இரண்டு எண்களும் மனப்பாடமாக இருக்கட்டும்.

கடைசியாக, அந்த பஸ் விஷயம். 1801 பிரகடனத்தால்தான் நான் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டேன் என்று சொன்னால் அது சால்ஜாப்பு. எனக்குப் பயம், அவ்வளவுதான். சரித்திரம் அதற்கு மன்னிப்புச் சீட்டு தராது. "எதுக்கு வம்பு" என்று நான் என் மகளுக்குச் சொன்னதை, அவள் தன் பிள்ளைக்குச் சொல்லாமல் இருக்க வேண்டும். வளரி வீசுகிற கை போல, எதிர்த்துக் கேட்கிற வாயும் பழகாவிட்டால் போய்விடும்.

மூன்று மாதமாக நானும் வகுப்புக்குப் போகிறேன். ஏழு வயதுப் பையன்களோடு வரிசையில் நிற்க வைத்திருக்கிறார் வாத்தியார். முட்டி வலிக்கிறது. காலடியே இன்னும் தேறவில்லை. மகள் அடுத்த வரிசையில் கம்போடு நிற்கிறாள்.

உங்கள் வீட்டுப் பரணில் பழைய வளரித்தடி ஏதாவது கிடந்தால் விறகில் போட்டுவிடாதீர்கள். ஒரு படம் எடுத்து, எந்த ஊர், யார் வைத்திருந்தது என்று எழுதி வையுங்கள்.