பாதரசமும் பழைய காரும்



பழைய கார்களைப் பழுதுபார்க்கும் பட்டறைகளில் வட்ட முகமுள்ள ஒரு சிறு கருவியைப் பார்த்திருப்பீர்கள். அதில் ‘பாதரச அங்குலம்’ என்ற கணக்கில் அளவு குறித்திருக்கும். பெட்ரோல் ஓடும் இடத்தில் பாதரசத்துக்கு என்ன வேலை?

1644ஆம் ஆண்டில் இத்தாலிய அறிஞர் டாரிசெல்லி ஒரு கடிதத்தில் விளக்கம் தந்தார். காற்றுக்கு எடை உண்டு. அந்த எடைதான் கண்ணாடிக் குழாயிலே பாதரசத்தைச் சுமார் 30 அங்குல உயரத்துக்குத் தாங்கி நிறுத்துகிறது என்றார். பின்னர் ஜெர்மனியில் ஆட்டோ வான் கெரிக்கே, காற்றை வெளியேற்றிய இரு செப்பு அரைக்கோளங்களை ஒட்டவைத்துக் குதிரைகளைப் பூட்டி இழுக்கச் செய்தார். குதிரைகள் திணறின.

கார் எஞ்சினுக்குள்ளும் இதே கதைதான். பிஸ்டன் கீழே இறங்கும்போது காற்றை உறிஞ்சுகிறது. அந்த உறிஞ்சலை வீணாக்குவானேன் என்று எண்ணியவர்கள் கண்ணாடி துடைப்பானை அதைக்கொண்டே ஓட்டினார்கள். மேட்டில் ஏறும்போது உறிஞ்சல் குறையும், துடைப்பானும் சோர்ந்து போகும். மழையில் மலைப்பாதை ஏறியவர்கள் பட்ட பாடு சிரிப்பதற்கல்ல! பிரேக்குக்குத் துணைசெய்யவும் 1920களிலிருந்து இந்த உறிஞ்சல் பயன்பட்டது.

நல்ல எஞ்சின் சும்மா ஓடும்போது கருவி ஏறத்தாழ 17 முதல் 21 அங்குலம் காட்டும். முள் ஆடாமல் மிகத் தாழ்ந்து நின்றால் எங்கோ வெளிக்காற்று நுழைகிறது என்று ஐயப்படலாம். எஞ்சின் ஒழுங்கின்றித் துடிக்கும். ‘உஸ்ஸ்’ என்ற ஓசையும் கேட்கலாம். பிரேக் மிதி கல்லாக இறுகினால் காரைச் சாலைக்குக் கொண்டுபோகவே கூடாது. சந்தேகப்பட்ட மூட்டில் சோப்பு நீரைத் தடவுங்கள். ஓட்டையிருந்தால் நீர் உள்ளே இழுக்கப்பட்டு எஞ்சினின் ஓசை மாறும். சூடான எஞ்சின்மீது பெட்ரோல் தெளித்துத் தேடுவது தீயை அழைப்பதாகும்.

குளிர்நாடுகளில் வண்டிக்குள் சூடு வேண்டும். எஞ்சினின் வெந்நீரை இரு குழாய்களால் உள்ளே ஒரு சிறு ரேடியேட்டருக்குக் கொண்டுவந்தார்கள். அந்த வெப்பக்காற்று போகும் கதவுகளை 1960, 1970களின் பல அமெரிக்கக் கார்களில் திறந்து மூடியது அதே உறிஞ்சல்தான். ஆகவே, எந்தப் பித்தானை அழுத்தினாலும் காற்று முன்கண்ணாடிக்கே போனால், பெரும்பாலும் உறிஞ்சு குழாயில் ஓட்டை. காற்றே சூடாகாவிட்டால் அது வேறு நோய்: எஞ்சின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டரில் நீர் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். நீர் சரியென்றால், எஞ்சின் சூடான பிறகு இரு குழாய்களையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று சுட்டு மற்றது குளிர்ந்திருந்தால் வெந்நீர் சுற்றி வரவில்லை. வால்வு மூடியிருக்கும், அல்லது உள் ரேடியேட்டர் அடைத்திருக்கும்.