திருவிழா மேடைக்கு வந்த திரைப்பாட்டு

கோயில் கொடையிலும் கல்யாண வீட்டிலும் சினிமாப் பாட்டு பாடிய உள்ளூர் ஆர்கெஸ்ட்ராக்களைப் பற்றி நம் இசை வரலாறுகள் பேசுவது மிகக் குறைவு. பேசினாலும் ‘சினிமாவைப் பார்த்துப் பாடியவர்கள்’ என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். அந்த வரி திரைப்பாட்டின் வரலாற்றையே தலைகீழாக வாசிக்கிறது. 1931-இல் ‘காளிதாஸ்’ வந்தபோது நடித்தவர்களே பாடினார்கள். நாடகக் கம்பெனிகளில் பழுத்த குரல்கள் அவை. எம். கே. தியாகராஜ பாகவதர் திரையிலும் பாடினார், கச்சேரி மேடையிலும் பாடினார். ரசிகனுக்கு இரண்டு இடத்திலும் ஒரே ஆள்தான். 1940-களில் பின்னணி பாடும் வழக்கம் வேரூன்றியதும் அந்தக் கட்டு அவிழ்ந்தது. குரல் ஒருவருக்கு, முகம் இன்னொருவருக்கு என்று ஆனது. வயலின்காரர்களும் தபலாக்காரரும் சென்னை ஸ்டுடியோக்களின் மூடிய கதவுக்குள் போனார்கள். தமிழ்நாட்டிலேயே அதிகம் பேர் கேட்ட இசைக்கு ஒரு மேடைகூட இல்லாத காலம் அப்படித்தான் தொடங்கியது. அந்த மேடையைக் கட்டியவர்கள் உள்ளூர்க் கலைஞர்கள் என்பதே என் கட்சி.

மேடை இல்லாத பாட்டு எப்படி ஊர் ஊராகப் போனது என்பதைப் பார்த்தால் இது விளங்கும். 1952-இல் ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர், அகில இந்திய வானொலியில் திரைப்பாட்டுக்கு இருந்த இடத்தைச் சுருக்கினார். ஜனங்கள் முள்ளை இலங்கை வானொலிக்குத் திருப்பினார்கள். 1957-இல் அகில இந்திய வானொலியே திரைப்பாட்டுக்காக விவித்பாரதியைத் தொடங்கிய பிறகும் இலங்கைக்கான மவுசு குறையவில்லை. ரேடியோ வாங்க வசதியில்லாத தெருவுக்கு மைக் செட் இருந்தது. பந்தக்காலில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டி, சடங்கோ கல்யாணமோ, விடியற்காலையிலேயே இசைத்தட்டை ஓடவிடுவார்கள். ஆக ஒரு பாட்டின் இடையிசை வரைக்கும் மனப்பாடமாகத் தெரிந்த கூட்டம் ஊருக்கு ஊர் உருவாகியிருந்தது. ஆனால் அந்தப் பாட்டை ஒருவர் மூச்சுப் பிடித்துப் பாடுவதை, பாடும்போது கழுத்து நரம்பு புடைப்பதை அவர்கள் கண்ணால் பார்த்ததில்லை. மெல்லிசைக் குழு அந்தக் குறையைத்தான் தீர்த்தது. டி. எம். சௌந்தரராஜனும் பி. சுசீலாவும் எல்லா ஊர்க் கொடைக்கும் வர முடியாது. பக்கத்து டவுனிலிருந்து ‘நம்ம ஊர் டி.எம்.எஸ்.’ வந்தார்.

அப்படி வந்தவர்கள் செய்தது நகல் வேலைதானே என்பது முதல் மறுப்பு. அதில் உண்மை இல்லாமல் இல்லை. அச்சு அசலாக இருக்க வேண்டும் என்பதுதான் கூட்டத்தின் எதிர்பார்ப்பு. ஒரு சங்கதி மாறினாலும் முன்வரிசையில் முணுமுணுப்பு எழும். ஆனால் இசையமைப்பாளர்கள் விஸ்வநாதன் – ராமமூர்த்தி ஒரு பாட்டுக்கு வயலின்களை வரிசையாக உட்கார வைத்திருப்பார்கள். திருவிழா மேடையில் ஏழெட்டுப் பேர்தான் இருப்பார்கள். அத்தனை வயலினுக்கும் ஒரே அக்கார்டியன் பதில் சொல்ல வேண்டும். தபலாக்காரரே சரணம் முடியும் இடத்தில் பாங்கோஸுக்குத் தாவ வேண்டும். நோட்டேஷன் கைக்குக் கிடைக்காது. இசைத்தட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுக் காதால் பிடித்ததுதான். எதை விட்டால் பாட்டு அடையாளம் தெரியாமல் போகும், எதை விட்டாலும் தப்பில்லை என்று தீர்மானிப்பது இசையமைப்பாளனின் மூளை செய்யும் வேலை. அசலைப் போலவே ஒலிக்க வைப்பதற்குள் அசலை முழுவதும் பிரித்து மறுபடி பூட்டியிருப்பார்கள். கர்நாடக சங்கீத மேடையில் தியாகராஜரின் கிருதியைப் பாடுகிறவரை நாம் நகல் கலைஞர் என்பதில்லை. அங்கே மனோதர்மத்துக்கு இடம் உண்டே என்பார்கள். இங்கும் இருந்தது, வேறு இடத்தில்: நிகழ்ச்சியின் வரிசையில். சீர்காழி கோவிந்தராஜன் பாடிய பிள்ளையார் பாட்டில் தொடங்கி, அம்மன் பாட்டு, பழைய தத்துவப் பாட்டு, ஜோடிப் பாட்டு என்று ஏற்றிக்கொண்டே போய், துண்டுச் சீட்டில் வரும் நேயர் விருப்பங்களைச் சமாளித்து, நள்ளிரவு தாண்டியும் கூட்டத்தைக் கலையாமல் பிடித்து வைப்பது லேசான காரியமா?

இந்த மேடையில் கிடைத்த பயிற்சி எவ்வளவு ஆழமானது என்பதற்குப் பண்ணைப்புரமே சாட்சி. அந்த ஊர்க்காரரான பாவலர் வரதராஜன் கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் மக்களுக்குத் தெரிந்த மெட்டுகளில் கட்சியின் வரிகளை ஏற்றிப் பாடினார். 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் கட்சி வேட்பாளர் ரோசம்மா புன்னூசுக்காகத் தோட்டத் தொழிலாளர்களிடம் பாடினார். தம்பிகள் அந்தக் குழுவில்தான் வளர்ந்தார்கள். அவர்களில் ஒருவரான இளையராஜா 1976-இல் ‘அன்னக்கிளி’க்கு இசையமைக்க வந்தபோது, கூட்டத்தின் முகத்தைப் பார்த்து இசை செய்த அனுபவம் அவருக்குப் பல ஆண்டுகள் இருந்தது. அதற்கு முன்பு சென்னையில் எஸ். பி. பாலசுப்ரமணியம் நடத்திய மெல்லிசைக் குழுவிலும் அவர் வாசித்திருக்கிறார். பெரிய பெயர்களைச் சொல்லிச் சிறியவர்களுக்குப் பெருமை தேடுகிறேன் என்று யாரேனும் சொல்லலாம். நியாயம்தான். சினிமாவுக்குப் போனவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். மற்றவர்கள் பகலில் வேறு வேலை பார்த்து, சித்திரை, வைகாசி, ஆடி மாதங்களில் அட்வான்ஸ் வாங்கிய தேதிகளுக்கு வேனில் ஏறியவர்கள். கிளம்பிப் போனவர்களை வைத்து ஒரு மேடையை அளந்தால் அது வெறும் காத்திருப்பு அறையாகத் தெரியும். மேடையிலேயே நின்றுவிட்டவர்களால்தான் அது ஐம்பது ஆண்டுக்கு மேல் நடந்தது.

உரிமை பற்றிய மறுப்பு இதைவிடக் கனமானது. அடுத்தவர் போட்ட மெட்டில் பிழைத்தார்களே, படைத்தவருக்கு என்ன கொடுத்தார்கள்? 2017-இல் எஸ்.பி.பி.யின் அமெரிக்கப் பயணத்தின்போது இளையராஜா தரப்பு அனுப்பிய வக்கீல் நோட்டீஸ் இந்தக் கேள்வியை வீட்டுக்கு வீடு கொண்டு போனது. எஸ்.பி.பி. அந்தப் பயணத்தில் ராஜாவின் பாட்டுகளைத் தவிர்ப்பதாக அறிவித்தார். டிக்கெட் போட்டு நடத்தும் நிகழ்ச்சியில் படைப்பாளிக்குப் பங்கு போக வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. திருவிழா மேடையின் கதை வேறு. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, சமயச் சடங்குகளில் நடக்கும் இசைக்கு விலக்குத் தருகிறது. கல்யாண ஊர்வலத்தையும் அதில் சேர்க்கிறது. கட்டணம் வாங்காத கூட்டத்துக்கு அமெச்சூர் சங்கங்கள் பாடுவதையும் குற்றமாகக் கருதவில்லை. சம்பளம் வாங்கும் ஆர்கெஸ்ட்ரா இலவசமாகக் கேட்கும் ஊருக்குப் பாடினால் எந்தக் கட்டத்தில் அடங்கும் என்று வழக்கறிஞர்கள் வாதாடலாம். ஊர்ப் பணத்தில் நடக்கும் பாட்டை வியாபாரத்துக்கு வெளியே வைக்கும் எண்ணம் மட்டும் அந்தப் பிரிவில் தெளிவாக இருக்கிறது. பங்கு கேட்பதானாலும் விழாக் கமிட்டியிடம் கேட்பதுதான் முறை. மேடையில் நிற்பவரின் இரவுக்கூலியிலிருந்து பிடிப்பது முறையல்ல.

இந்த மேடையைச் சுருக்கியது வழக்கு அல்ல, ஒலி. 1992-இல் ‘ரோஜா’ படம் வந்தபின் பாட்டுகள் கணினியில் அடுக்கிய ஒலிகளால் நிரம்பின. அவற்றை ஏழு பேரின் விரல்களால் திருப்பிச் சொல்ல முடியவில்லை. கீபோர்டும் ரிதம் பேடும் வந்தன. அக்கார்டியன் போனது, பாங்கோஸ் போனது. பிறகு பாடகருக்குப் பின்னால் டிராக்கை ஓடவிட்டார்கள், வாத்தியக்காரர்களுக்கு வேலையே இல்லாமல் போனது. 2006-இல் விஜய் டிவி ‘சூப்பர் சிங்கர்’ தொடங்கிய பிறகு உள்ளூர்க் குரலுக்கு ஊரைத் தாண்டியும் முகம் கிடைத்தது. மதிப்பெண் போடும் வேலை முன்வரிசையிலிருந்து நடுவர் நாற்காலிக்குப் போனது. அக்கார்டியன்காரர்கள் எந்தப் பாட்டை எப்படிச் சுருக்கி வாசித்தார்கள் என்பதற்கு இன்று இசைத்தட்டுகளில் ஆதாரம் தேட முடியாது. யாரும் அவர்களைப் பதிவு செய்யவில்லை. 1980-களின் கல்யாண வீடியோ கேசட்டுகளில், பந்தியும் மொய்யும் ஓடும்போது பின்னணியில் கேட்கும் அந்த வாசிப்பைத் தேடி எடுப்பதுதான் ஆய்வாளருக்கு இப்போது மிச்சமுள்ள வழி. அந்த டேப்புகளோ பூஞ்சை பிடித்துக்கொண்டிருக்கின்றன.