கச்சா எண்ணெய் விலை குறைந்தாலும் டீசல் விலை குறையாதது ஏன்? ஐஓசி, ஓஎன்ஜிசி பங்குகள் என்ன ஆகும்?

சர்வதேச சந்தையில் கச்சா எண்ணெய் விலை சரிந்தது என்று செய்தி வந்தாலே, ‘அப்போ டீசல் விலையும் குறையுமா?’ என்ற கேள்விதான் முதலில் வரும். புதுச்சேரியில் பாகூர் கொம்யூனைச் சேர்ந்த பனித்திட்டு போன்ற மீனவ கிராமங்களில் இது அன்றாடக் கணக்கு. வலையில் மீன் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். டீசலுக்குப் போட்ட காசு போனது போனதுதான். ஆனால் கச்சா எண்ணெய் விலை குறைவதன் பலன் பெரும்பாலும் பங்க் வரை வருவதில்லை.

தினமும் மாற வேண்டிய விலை ஏன் மாறவில்லை?

இந்தியா தனக்குத் தேவையான கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கும் மேல் இறக்குமதி செய்கிறது. ஒரு பீப்பாய் என்பது 159 லிட்டர். விலை டாலரில் என்பதால், ரூபாய் சரிந்தாலும் செலவு கூடும்.

டீசல் மீதான விலைக் கட்டுப்பாடு 2014 அக்டோபரில் நீக்கப்பட்டது. 2017 ஜூன் 16 முதல் தினசரி விலை மாற்றம் நாடு முழுவதும் வந்தது. ஆனாலும் 2022 ஏப்ரல் 6-க்குப் பிறகு, 2024 மார்ச் 15-ல் 2 ரூபாய் குறைக்கும் வரை, எண்ணெய் நிறுவனங்கள் தங்கள் விலையை மாற்றவே இல்லை.

நஷ்டம் யாருக்கு, லாபம் யாருக்கு?

கச்சா எண்ணெய் உச்சத்தில் இருந்த 2022 ஏப்ரல்-செப்டம்பரில் ஐஓசி, பிபிசிஎல், எச்பிசிஎல் மூன்றுக்கும் சேர்த்து 21,000 கோடி ரூபாய்க்கு மேல் நஷ்டம். விலை தணிந்த 2023-24 நிதியாண்டில் 80,000 கோடி ரூபாய்க்கு மேல் லாபம். அதாவது ஏற்றத்தின் அடியைத் தாங்கிய நிறுவனங்கள், இறக்கத்தின் பலனையும் தாங்களே வைத்துக்கொண்டன.

மிச்சம் வரிக்குப் போனது. 2025 ஏப்ரலில் கச்சா எண்ணெய் சரிந்தபோது மத்திய அரசு கலால் வரியை லிட்டருக்கு 2 ரூபாய் உயர்த்தியது. பங்க் விலை ஏறவில்லை, இறங்கவும் இல்லை. புதுச்சேரியில் அதே ஆண்டு ஜனவரியில் வாட் வரியும் உயர்ந்திருந்தது.

பங்குகள்: எல்லாம் ஒரே திசையில் போகாது

• ஓஎன்ஜிசி, ஆயில் இந்தியா: எண்ணெய் எடுக்கும் நிறுவனங்கள். காரைக்காலில் செயல்படுவது ஓஎன்ஜிசிதான். கச்சா எண்ணெய் விலை ஏறினால் இவற்றுக்கு வருமானம் கூடும். ஆனால் லாபம் எகிறினால் அரசு பங்கு கேட்கலாம்: 2022 ஜூலையில் வந்த கூடுதல் வரி, 2024 டிசம்பரில்தான் நீங்கியது.

• ஐஓசி, பிபிசிஎல், எச்பிசிஎல்: எண்ணெய் வாங்கி, சுத்திகரித்து விற்பவை. கச்சா எண்ணெய் இறங்கி, பங்க் விலை அப்படியே இருந்தால் இவற்றுக்குக் கொண்டாட்டம். ஏறினால் நேர்மாறு.

இனி விலை ஏறுமா, இறங்குமா?

உறுதியாகச் சொல்ல யாராலும் முடியாது. 2008 ஜூலையில் பீப்பாய் 147 டாலரைத் தொட்டது. 2020 ஏப்ரல் 20-ல் அமெரிக்க கச்சா எண்ணெய் பூஜ்ஜியத்துக்கும் கீழே போனது. 2025 ஜூனில் இஸ்ரேல்-ஈரான் மோதலால் எகிறிய விலை, சண்டை நிறுத்தம் வந்ததுமே இறங்கிவிட்டது.

கவனிக்க வேண்டியவை:

• ஒபெக் பிளஸ் நாடுகள் உற்பத்தியைக் கூட்டுகின்றனவா, குறைக்கின்றனவா
• ஹோர்முஸ் நீரிணையில் கப்பல் போக்குவரத்து
• டாலருக்கு எதிரான ரூபாய் மதிப்பு
• கலால், வாட் வரி மாற்றங்கள்

பங்கு வாங்குபவர்கள் முதல் மூன்றைப் பார்த்தே முடிவெடுத்துவிடக் கூடாது. அரசு விலையையும் வரியையும் எப்படிக் கையாள்கிறது என்பதும் லாபத்தை மாற்றும். படகுக்கு டீசல் போடுபவர்களுக்கோ, கச்சா எண்ணெய் விலையைவிட நான்காவதுதான் முக்கியம்.