பல் வெளுத்த கையோடு பல் அடைக்கக் கூடாது! ஏன்?

கல்யாணத்துக்கு முன்னாடி பல்லை வெள்ளையாக்கி, அதே நாள்ல முன்பல் ஓட்டையையும் அடைச்சிடலாம்னு நினைக்கிறீங்களா? கொஞ்சம் பொறுங்க மக்களே. இதுக்குப் பின்னாடி ஒரு வரலாறே இருக்கு.

பல் நிறத்திலேயே அடைக்கிறோமே, அந்த ரெசின் வழவழப்பான எனாமலில் சும்மா ஒட்டாது. இதற்கு 1955இல் வழி சொன்னவர் அமெரிக்காவின் ராசெஸ்டர் நகரைச் சேர்ந்த மைக்கேல் புவோனகோர். உலோகத்தில் பெயின்ட் நன்றாகப் பிடிக்கத் தொழிற்சாலைகளில் பாஸ்பாரிக் அமிலம் பயன்படுத்துவார்கள். அவர் அதையே எனாமலில் 30 விநாடி பூசிப் பார்த்தார். பிடிப்பு பல மடங்கு கூடியது. அமிலம் உண்டாக்கும் நுண்துளைகளுக்குள் ரெசின் வேர் மாதிரி இறங்கி இறுகுகிறது. இன்றைக்கும் அடிப்படை இதுதான்.

அடுத்த கதை, 1960களின் கடைசி. ஆர்கன்சாஸில் பில் க்ளஸ்மயர் என்ற, பல்லுக்குக் கிளிப் போடும் மருத்துவர். ஈறு ஆறுவதற்காக, கார்பமைடு பெராக்சைடு கிருமிநாசினியைப் பல்லுறையில் ஊற்றி இரவில் மாட்டிக்கச் சொன்னார். ஈறும் ஆறியது, பல்லும் வெளுத்தது! 1989இல் ஹேவுட், ஹேமன் இருவரும் இந்த முறையைப் பல் மருத்துவ இதழில் எழுத, வீட்டிலேயே பல் வெளுப்பது உலகமெங்கும் பரவியது.

ரெண்டுமே நல்ல கண்டுபிடிப்புதான். ஆனா ஒரே பல்லில் ரெண்டும் சந்திச்சா?

1988இல் டொரண்டோவில் டிட்லி குழுவினர் சோதித்தார்கள். மாட்டுப் பற்களை 35% ஹைட்ரஜன் பெராக்சைடில் ஊற வைத்து, அதன்மேல் ரெசினை ஒட்டினார்கள். பிடிப்பு வெகுவாகக் குறைந்திருந்தது. பிறகு நுண்ணோக்கியில் பார்த்தபோது, ரெசின் வேர்கள் குட்டையாகவும் அரைகுறையாகவும் இருந்தன. சில இடங்களில் வேரே இல்லை.

காரணம்? பெராக்சைடு பல்லுக்குள் ஊடுருவி ஆக்சிஜனை விட்டுச் செல்கிறது. கறையை வெளுக்கும் அதே ஆக்சிஜன், ரெசின் முழுசா இறுகவும் விடாது. அன்னைக்குப் பார்க்க அடைப்பு அழகா இருக்கும். ஆனா சீக்கிரமே கழன்று விழலாம், ஓரத்தில் கசிவு வரலாம்.

நல்ல செய்தியும் அதே குழுவிடமிருந்தே வந்தது. வெளுத்த பற்களை ஒரு வாரம் தண்ணீரில் வைத்த பிறகு பிடிப்பு மீண்டது. வைட்டமின் சி உப்பான சோடியம் அஸ்கார்பேட் பூசினாலும் மீள்வதாக 2002இல் ஆய்வக முடிவு வந்தது. ஆனாலும் நம்பகமான வைத்தியம் காத்திருப்பதுதான்.

அதனால வரிசையை மாத்தாதீங்க. முதல்ல பல்லை வெளுக்கணும். குறைந்தது 2 வாரம் இடைவெளி. அப்புறம்தான் அடைப்பு. இதில் இன்னொரு லாபமும் இருக்கு. அடைப்பு பல்லோடு சேர்ந்து வெளுக்காது. அதனால பல்லின் நிறம் நிலைச்ச பிறகு அடைச்சாத்தான் நிறம் பொருந்தும்.

கடையிலயோ ஆன்லைன்லயோ பல் வெளுக்கும் ஜெல் வாங்கி வீட்டிலேயே போட்டிருந்தா, பல் அடைக்கும் முன்னாடி, கிளிப் ஒட்டும் முன்னாடி, பல் மருத்துவர்கிட்ட மறைக்காம சொல்லிடுங்க. பல்லைப் பார்த்து மட்டும் அவரால அதைக் கண்டுபிடிக்க முடியாது.