வார்ப்பு ஈயக்குண்டு

வார்ப்பு ஈயக்குண்டு என்பது உருக்கிய ஈயத்தை, அல்லது ஈயத்துடன் வெள்ளீயம், ஆன்டிமனி ஆகியவை சேர்ந்த கலப்புலோகத்தை அச்சில் ஊற்றிச் செய்யப்படும் துப்பாக்கிக் குண்டு ஆகும். செம்பு உறை போர்த்திய குண்டுகள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பரவும் வரை படைத் துப்பாக்கிகளும் வேட்டைத் துப்பாக்கிகளும் ஈயக்குண்டையே பயன்படுத்தின. தற்காலத்தில், ஒரு முறைக்கு ஒரு தோட்டா மட்டுமே இடக்கூடிய பழைய ரைபிள்களை (சுரிகுழல் துப்பாக்கிகளை) இலக்குச் சுடுதலில் பயன்படுத்தும் ஆர்வலர்கள், சட்டம் இடம் தரும் நாடுகளில், இவ்வகைக் குண்டுகளைத் தாமே வார்த்துக் கொள்கின்றனர். தமிழ்நாட்டில் ஓசூர், மத்திகிரி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி ஆகிய இடங்களைச் சூழ்ந்த காடோரப் பகுதிகளில் பிடிபடும் நாட்டுத் துப்பாக்கிகளும் ஈயத்தையும் கரிமருந்தையும் கொண்டே இயங்குபவை.

ஒரு பழைய ரைபிளுக்கு எந்தக் குண்டு, எவ்வளவு மருந்து பொருந்தும் என்பது அதன் பெயரைக் கொண்டு முடிவு செய்யப்படுவதில்லை. அந்தக் குறிப்பிட்ட துப்பாக்கியின் குழலை அளந்தே முடிவு செய்யப்படுகிறது. ஒரே ஆண்டில், ஒரே தொழிற்சாலையில் செய்யப்பட்ட இரண்டு துப்பாக்கிகள்கூட வெவ்வேறு குண்டைக் கேட்கலாம்.

இந்தியாவில் ஒற்றைத் தோட்டா ரைபிள்கள்

பிரித்தானியப் படை 1866இல் சினைடர்-என்ஃபீல்டு ரைபிளை ஏற்றுக்கொண்டது. இது வாய்வழி மருந்து கெட்டிக்கும் 1853ஆம் ஆண்டு என்ஃபீல்டு துப்பாக்கியின் பின்புறத்தை வெட்டி, பின்வழித் தோட்டா இடுமாறு மாற்றிய வடிவம் ஆகும். இதன் குழல் விட்டம் 0.577 அங்குலம் (14.66 மில்லிமீட்டர்). 1871இல் இதற்கு மாற்றாக மார்ட்டினி-ஹென்றி ரைபிள் வந்தது. இதன் இயங்குமுறை பிரெடரிக் வான் மார்ட்டினி என்பவருடையது; குழலின் சுரி அமைப்பு எடின்பரோவைச் சேர்ந்த அலெக்சாண்டர் ஹென்றி என்பவருடையது. விசைப்பிடியின் பின்னுள்ள நெம்புகோலைக் கீழே தள்ளினால் அடைப்புக்கட்டை தாழ்ந்து சுட்ட உறையை வெளித்தள்ளும். அடுத்த தோட்டாவைக் கையால் வைத்து நெம்புகோலை மேலிழுக்க வேண்டும்.

1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பின்னர், ஆங்கிலேய வீரர்களிடம் இருப்பதைவிட ஒரு தலைமுறை பழைய துப்பாக்கியையே இந்திய வீரர்களுக்கு வழங்குவது வழக்கமாக இருந்தது. ஆங்கிலேயர் மார்ட்டினியைப் பெற்றபோது இந்தியப் படைக்குச் சினைடர் கிடைத்தது. அவர்கள் 1888ஆம் ஆண்டின் லீ-மெட்ஃபோர்டு ரைபிளுக்கு மாறிய பிறகே மார்ட்டினிகள் இந்தியப் படைப்பிரிவுகளுக்குப் பரவலாக வந்து சேர்ந்தன. மத்திகிரியில் 1824இல் படைக்குக் குதிரை வளர்ப்பதற்காக நிறுவப்பட்டு, இன்று கால்நடைப் பண்ணையாக உள்ள பெரும் பண்ணையும் இதே ஆட்சியின் படைத்தேவைக்கு எழுந்ததே.

மார்ட்டினி-ஹென்றியின் படைத்தோட்டாவில் 480 கிரெயின் (சுமார் 31 கிராம்) எடையுள்ள குண்டும் 85 கிரெயின் (சுமார் 5.5 கிராம்) கரிமருந்தும் இருந்தன. குண்டு 12 பங்கு ஈயமும் 1 பங்கு வெள்ளீயமும் கொண்டது. குழலைத் தொடும் பகுதி காகிதத்தால் சுற்றப்பட்டிருந்தது. குழலைவிட்டு வெளியேறும்போது அதன் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 410 மீட்டர். இதன் தோட்டா உறை முதலில் மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டிச் செய்யப்பட்டது. 1885ஆம் ஆண்டுச் சூடான் போரில் இவ்வுறைகள் சூடேறிய குழலில் ஒட்டிக்கொண்டு கிழிந்ததால், பின்னர் ஒரே துண்டாக இழுத்துச் செய்த பித்தளை உறைகள் வழக்கத்துக்கு வந்தன.

குழலுக்கு ஏற்ற குண்டு

ரைபிளின் குழலுக்குள் பள்ளங்களும் மேடுகளும் மாறிமாறிச் சுருளாகச் செல்கின்றன. குண்டு பள்ளத்தின் அடிவரை நிறைந்து சென்றால் மட்டுமே சுழற்சி பெற்று நேராகப் பறக்கும். குண்டு சிறுத்திருந்தால் எரிவாயு அதன் பக்கவாட்டில் பீறிட்டு முன்னே செல்கிறது. அந்த வெப்பத்தில் குண்டின் ஓரம் உருகிக் குழலில் ஈயப்படிவாக ஒட்டுகிறது. அடுத்தடுத்த குண்டுகள் இலக்கைவிட்டு விலகுகின்றன. தொடக்கநிலையாளர்கள் இந்தப் படிவைக் கண்டு ஈயம் மென்மையாக உள்ளது என்று எண்ணிக் கடினமான கலப்புலோகத்துக்கு மாறுவதுண்டு. பெரும்பாலும் பிழை கடினத்தன்மையில் இல்லை, விட்டத்தில் இருக்கிறது. கடினமான குண்டு சிறுத்திருந்தால் நிலைமை மேலும் மோசமாகவே ஆகும்.

ஆகையால் முதல் வேலை குழலை அளப்பது. துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதை உறுதி செய்தபின், எண்ணெயிட்ட குழலுக்குள் தூய ஈயத்துண்டு ஒன்று மெதுவாகத் தட்டிச் செலுத்தப்படும். மறுமுனையில் வெளிவரும் துண்டில் பள்ளமும் மேடும் பதிந்திருக்கும். அதை நுண்ணளவி கொண்டு அளப்பர். மார்ட்டினி-ஹென்றியில் இங்கு ஒரு சிக்கல் உண்டு. அதன் குழலில் ஏழு பள்ளங்கள் உள்ளன. எண்ணிக்கை ஒற்றைப்படை என்பதால் ஒரு பள்ளத்துக்கு நேர் எதிரே மற்றொரு பள்ளம் இராது, மேடுதான் இருக்கும். சாதாரண நுண்ணளவியின் இரு தாடைகளுக்கிடையே பள்ளத்தின் விட்டம் அகப்படாது. தெரிந்த விட்டமுள்ள வளையங்களில் துண்டை நுழைத்துப் பார்த்தோ, கோணத் தாடையுள்ள அளவியைக் கொண்டோதான் சரியான அளவைப் பெற முடியும். இதை அறியாமல் அளந்து, சிறிய அச்சை வாங்கி ஏமாந்தோர் பலர்.

கிடைத்த பள்ள விட்டத்தைவிட 0.001 முதல் 0.002 அங்குலம் வரை பெரிய குண்டை வார்ப்பது பொது வழக்கம். ஆனால் கரிமருந்துக்கும் மென்மையான ஈயத்துக்கும் வேறொரு வழியும் உண்டு. கரிமருந்து திடீரெனத் தள்ளும்போது மென்குண்டின் அடிப்பகுதி நசுங்கி விரிந்து பள்ளத்தை அடைத்துக் கொள்கிறது. 450 என்று பெயரிடப்பட்ட மார்ட்டினியின் குண்டு, பள்ள விட்டத்தைவிடச் சிறியதாக இருந்தும் நன்றாகச் சுட்டது இதனாலேயே. பிரான்சின் கிளோட்-எத்தியென் மினியே 1849இல் வடிவமைத்த அடிக்குழிவுக் குண்டும் விரிதல் என்னும் இதே பண்பைப் பயன்படுத்தியது. அதனால் போர்வீரர் குண்டை வாய்வழியே எளிதில் இறக்கவும், சுடும்போது அது குழலை நிறைக்கவும் இயன்றது.

கலப்புலோகம்

தூய ஈயம் 327 பாகை செல்சியசில் உருகுகிறது. அதனுடன் வெள்ளீயம் சேர்த்தால் உருகிய உலோகம் அச்சின் நுண்ணிய வரைகளுக்குள்ளும் நன்கு பாய்கிறது. கடினமும் சிறிது கூடுகிறது. பழைய கரிமருந்து ரைபிள்களுக்கு 20 பங்கு ஈயத்துக்கு 1 பங்கு வெள்ளீயம் அல்லது அதனை ஒட்டிய விகிதமே விரும்பப்படுகிறது. ஆன்டிமனி கடினத்தை மிகுதியாகக் கூட்டும். பழைய அச்சகங்களின் எழுத்து உலோகத்தில் ஆன்டிமனி மிகுதி என்பதால் அதனை அப்படியே குண்டுக்கு வார்ப்பது பழைய ரைபிளுக்குப் பொருந்தாது. கலவை மாறினால் அச்சிலிருந்து விழும் குண்டின் விட்டமும் எடையும் சற்றே மாறும் என்பதையும் நினைவில் கொள்ளவேண்டும்.

உருகிய ஈயத்தில் ஒரு துளி நீர் விழுந்தாலும் அது நொடியில் ஆவியாகி உலோகத்தை வாரி இறைக்கும். ஈயத்தூளும் ஈய ஆக்சைடும் உடலில் சேர்ந்து நரம்பையும் குருதியையும் கெடுப்பவை; குழந்தைகளுக்குத் தீங்கு மிகுதி. சமையற்கட்டில் ஈயம் உருக்கக்கூடாது என்பதும், வேலைக்குப் பின் கைகழுவாமல் உண்ணக்கூடாது என்பதும் இத்தொழிலின் அடிப்படை விதிகள்.

மசகு

கரிமருந்து எரியும்போது அதன் எடையில் பாதிக்கு மேற்பட்ட பங்கு திடக்கசடாக எஞ்சுகிறது. இக்கசடு வறண்டு இறுகினால் ஐந்தாறு வேட்டுகளுக்குப் பின் குழல் அடைபட்டதுபோல் ஆகி, குண்டு குறி தவறும். கசடை இளக்கமாக வைத்திருப்பதே மசகின் முதன்மைப் பணி. மார்ட்டினித் தோட்டாவில் குண்டுக்குப் பின்னால் தேன்மெழுகுத் தக்கை ஒன்று வைக்கப்பட்டிருந்தது. இன்றைய ஆர்வலர்கள் தேன்மெழுகுடன் தாவர எண்ணெயோ விலங்குக் கொழுப்போ சேர்த்துக் குண்டின் வரைகளில் நிரப்புகின்றனர்.

இந்திய வரலாற்றில் இந்த மசகுக்குத் தனியிடம் உண்டு. 1853ஆம் ஆண்டு என்ஃபீல்டு ரைபிளின் காகிதத் தோட்டாவில் குண்டிருக்கும் பகுதி கொழுப்பில் தோய்க்கப்பட்டிருந்தது; தோட்டாவைப் பல்லால் கடித்துக் கிழிப்பதே பயிற்சிமுறை. அக்கொழுப்பு பசுவினுடையது, பன்றியினுடையது என்ற செய்தி 1857 சனவரியில் கல்கத்தாவை அடுத்த டம்டமில் பரவியது. வீரர்கள் தாமே தேன்மெழுகும் எண்ணெயும் கலந்து பூசிக்கொள்ளலாம் என்று அரசு விரைவிலேயே இசைந்தும் ஐயம் தீரவில்லை. ஏப்ரல் 24 அன்று மீரட்டில் குதிரைப்படையினர் 85 பேர் தோட்டாவைத் தொட மறுத்தனர்; மே 10 அன்று கிளர்ச்சி வெடித்தது.

மருந்தின் அளவைக் கண்டறிதல்

ஒரு துப்பாக்கிக்கான மருந்தளவைக் கண்டறிவது படிப்படியான வேலை. முதலில் துப்பாக்கியே சோதிக்கப்படவேண்டும். அடைப்புக்கட்டையில் தளர்ச்சி, குழலில் வீக்கம், தோட்டா அறையில் விரிசல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அது சுவரில் மாட்டத்தக்க பொருளே. வடமேற்கு எல்லைப் பகுதியில் கைவினைஞர்கள் செய்த மார்ட்டினிப் போலிகளில் அரச முத்திரைகூடப் பொறிக்கப்பட்டிருக்கும்; ஆனால் அவற்றின் எஃகு படைத்தோட்டாவின் அழுத்தத்தைத் தாங்கும் என்று கொள்ள முடியாது. 2003இல் நேபாளத்தின் காத்மாண்டுவில் இருந்த லகன் சிலேகானா படைக்கலக் கொட்டிலிலிருந்து இன்டர்நேஷனல் மிலிட்டரி ஆன்டிக்ஸ், அட்லாண்டா கட்லரி ஆகிய நிறுவனங்கள் பெருந்தொகையான பழைய துப்பாக்கிகளை வாங்கி அமெரிக்காவில் விற்றன. மார்ட்டினிக்கான குண்டு வார்ப்பில் அங்கு புதிய ஆர்வம் எழ இது ஒரு காரணம். அவற்றுள் சுடத்தக்கவையும் உண்டு, சுடத்தகாதவையும் உண்டு.

பின்னர், அத்துப்பாக்கிக்கென வெளியிடப்பட்ட நம்பகமான அட்டவணையின் மிகக் குறைந்த அளவில் தொடங்கி, ஒரே இலக்கில் ஐந்து வேட்டுகள் சுட்டு, அவை எவ்வளவு நெருக்கமாக விழுகின்றன என்று குறிப்பர். அடுத்த முறை ஒன்றை மட்டுமே மாற்றுவர். மருந்தையும் மசகையும் கலப்புலோகத்தையும் ஒருசேர மாற்றினால் எது பயன் தந்தது என்று அறிய வழியில்லை. மிக நெருக்கமாகச் சுடும் அளவு பெரும்பாலும் மிகுந்த வேகம் தரும் அளவாக இராது.

கரிமருந்துக்கும் குண்டுக்கும் இடையே காற்றிடைவெளி இருக்கக்கூடாது. இருந்தால் குழலில் வளையம்போல் வீக்கம் விழலாம். புகையிலா மருந்தின் இயல்பு முற்றிலும் வேறு. சம எடைக்கு அதன் ஆற்றல் பன்மடங்கு. அழுத்தம் ஏறும் முறையும் வேறு. கரிமருந்தின் அளவைக் கரண்டியால் அள்ளிப் பழகிய கை, அதே கரண்டியில் புகையிலா மருந்தை அள்ளினால் துப்பாக்கி வெடிக்கும். பழைய ரைபிள்களில் நேர்ந்த பெரும் விபத்துகளுக்கு இந்தக் குழப்பம் ஒரு முதன்மைக் காரணம்.

ஓசூர் வட்டாரமும் நாட்டுத் துப்பாக்கியும்

பன்னர்கட்டா காடுகளிலிருந்து தளி, ஜவளகிரி வழியாக ஆண்டுதோறும் யானைகள் இறங்கி வரும் பகுதி ஓசூர் வட்டாரம். கேழ்வரகு முற்றும் பருவத்தில் உழவர்கள் பரண் அமைத்து இரவுக்காவல் காப்பர். பயிர்க்காவலுக்கெனவும் வேட்டைக்கெனவும் வாய்வழி மருந்து கெட்டிக்கும் ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கிகள் இங்கு நெடுங்காலம் புழங்கின. பெங்களூரைச் சேர்ந்த வேட்டை எழுத்தாளர் கென்னத் ஆண்டர்சனின் 1954ஆம் ஆண்டு நூல் ஜவளகிரி ஆட்கொல்லிப் புலியைப் பற்றிய கதையையும் கொண்டது. ஆனால் அவர் பயன்படுத்திய வின்செஸ்டர் 405 ரைபிள் பல தோட்டாக்களைக் கொள்ளும் வகை.

நாட்டுத் துப்பாக்கியில் மேற்கூறிய கணக்குகளுள் ஒன்றும் பின்பற்றப்படுவதில்லை. குழல் பெரும்பாலும் சுரியற்ற இரும்புக் குழாய். அதன் தரம் சோதிக்கப்பட்டதன்று. மருந்து கண்ணளவில் இடப்படுகிறது. குண்டாக ஈயத்துண்டுகளும், மிதிவண்டிச் சக்கரங்களில் உள்ள பால்ரஸ் எனப்படும் எஃகு உருண்டைகளும் கெட்டிக்கப்படுகின்றன. எஃகு உருண்டை குழலை அடைப்பதும் இல்லை, நசுங்குவதும் இல்லை. சுடுபவரின் கையும் கண்ணும் பறிபோவதும், ரவை பாய்ந்த விலங்கு உடனே சாகாமல் புண் சீழ்பிடித்து நாட்கணக்கில் அலைவதும் இதன் விளைவுகள். காயம்பட்ட யானை அடுத்துவரும் ஊருக்கும் ஆபத்தானது. உரிமமற்ற துப்பாக்கிகளை ஒப்படைக்குமாறு வனத்துறையும் காவல்துறையும் இப்பகுதிச் சிற்றூர்களில் பலமுறை கேட்டுக்கொண்டுள்ளன. இக்காடுகளின் பெரும்பகுதி 2014இல் காவிரி வடக்குக் காட்டுயிர் உய்விடமாக அறிவிக்கப்பட்டது.

சட்டநிலை

இந்தியாவில் 1959ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டத்தின்படி, வெடிபொருள் தோட்டா என்னும் சொல்லில் அதன் உறுப்புகளும் அதனைச் செய்யும் இயந்திரங்களும் அடங்கும். எனவே துப்பாக்கி உரிமம் வைத்திருப்பது மட்டுமே வீட்டில் குண்டு வார்த்துத் தோட்டா நிரப்புவதற்கான இசைவு ஆகாது; உற்பத்திக்குத் தனி உரிமம் தேவை. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், உரிமமின்றித் துப்பாக்கியோ தோட்டாவோ உற்பத்தி செய்வோருக்குக் குறைந்தது ஏழாண்டு முதல் வாழ்நாள் வரை சிறைத்தண்டனை விதிக்கப்படலாம். காட்டுயிர் வேட்டை 1972ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்த் தனிக்குற்றம்.

பழைய பாணியிலான, அல்லது தொல்பொருள் மதிப்புள்ள, அல்லது பழுதுற்ற துப்பாக்கி சுடப் பயன்படாத நிலையில் இருந்தால் அதற்குப் படைக்கலச் சட்டத்தின் 45ஆம் பிரிவு விலக்களிக்கிறது. முன்னோரிடமிருந்து வந்த மார்ட்டினி ஒன்று சுடத்தக்க நிலையில் இருக்குமானால், அதன் வயது எதுவாயினும் உரிமம் வேண்டும்.