மட்டியைக் கொத்தியது எந்தப் பறவை?

ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்போம். இதே கருத்துக்குச் சீனர்கள் ஒரு நன்னீர் மட்டியையும் ஒரு பறவையையும் சாட்சிக்கு அழைப்பார்கள். யான் நாட்டின்மேல் படையெடுக்கவிருந்த ஜாவ் மன்னனிடம் சு தாய் என்பவர் சொன்ன கதை அது. மட்டி கரையேறி வாய் திறந்து வெயில் காய்கிறது. பறவை சதையைக் கொத்த, மட்டி ஓட்டை மூடி அலகைக் கவ்விக்கொள்கிறது. இரண்டு நாள் மழை இல்லாவிட்டால் மட்டி செத்துவிடும் என்கிறது பறவை. அலகை விடாவிட்டால் பறவை செத்துவிடும் என்கிறது மட்டி. அவ்வழியே வந்த மீனவன் இரண்டையும் அள்ளிக்கொண்டு போகிறான்.

மட்டியின் சீனப் பெயர் ‘பாங்’. அதில் வழக்கில்லை. பறவையின் பெயரான ‘யூ’தான் சிக்கல். அதன் எழுத்தில் ஒரு பாதி பறவையைக் குறிக்கிறது. மறுபாதி ஒலியை மட்டும் காட்டுகிறது. எந்தப் பறவை என்று எழுத்து சொல்வதில்லை.

பழைய சொற்பொருள் நூலான ‘எர்யா’, ‘ச்சுய்’ என்பதற்கு ‘யூ’ என்று பொருள் தருகிறது. ச்சுய் என்றால் மீன்கொத்தி. அது தகைவிலானைப் போலிருக்கும், கருநீல நிறம் என்கிறார் உரைகாரர் குவோ பு. கி.பி. 100 வாக்கில் சூ ஷென் தொகுத்த அகராதியிலோ யூ, மழையை முன்னறியும் பறவை. இன்றைய சீனத்தில் அது உள்ளான் இனம்.

மீன்கொத்தி கிளையிலிருந்து பாய்ந்து மீனைத் தூக்குவது, மட்டியோடு மல்லுக்கட்டாது. நீண்ட அலகைச் சேற்றில் செருகி இரை தேடும் உள்ளானுக்குத்தான் அலகு மாட்டும். ஆகவே கதைக்குப் பொருந்துவது உள்ளான் என்பேன். அந்தப் பறவை மழையைப் பற்றிப் பேசுவதில் சூ ஷென்னின் யூவும் எட்டிப் பார்க்கிறது.

யூவை இழந்த மீன்கொத்திக்கு நட்டமில்லை. அதன் நீல இறகு நகைகளில் ஏறியது. ‘ஃபெய்ச்சுய்’ என்ற அதன் பெயர் பின்னாளில் ஜேடு என்னும் பச்சைக்கல்லுக்கும் ஆனது.

நம் மீன்கொத்திக்குத் தொழிலே பெயர். சங்க காலத்துச் ‘சிரல்’ அப்படியல்ல. யூவைப் போல அதுவும் வெறும் பெயர்தான். ஆனால் காஞ்சிமரக் கொம்பில் நெடுநேரம் காத்திருந்து கயலை எடுக்கும் பொன்னிற அலகுச் சிரலைச் சிறுபாணாற்றுப்படை காட்டிவிட்டது. அதனால் சிரல் எதுவென்று நாம் தடுமாறவில்லை. சு தாய் பறவையின் நிறத்தையாவது சொல்லியிருக்கலாம்.